தீவில் நனைத்த கை

போன ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பைபாஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றின் ஏசி ஹாலில் என் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முதலில் பார்த்தது பிரியாணியை. "மொதல்ல சாப்புட்டுடலாங்க, ஆறிப்போயிடும். பேச்சு எங்க ஓடிப் போவுது?" என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். எல்லார் முன்னாலும் தட்டு வந்துவிட்டது. பெண்ணை நிமிர்ந்து பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. மாப்பிள்ளையின் அத்தை பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு லெக் பீஸாகப் பார்த்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயப் பச்சடியை எட்டி எடுத்துக் கொடுத்து உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லார் கையிலும் ஸ்பூன். ஓட்டலில் இப்போது கேட்காமலே தட்டோடு வைத்துவிடுகிறார்கள். நான் என்னுடையதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு என் கல்யாணத்தையே முடிக்கப் பார்த்தார்கள் என்று அந்த ஹாலில் யாரிடம் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், கூடிப்போனால் கொஞ்சம் மிக்சர் கொறிக்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. சம்பந்தம் முடிவானால்தான் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் மானக்கேடு. என் அக்காவைப் பார்க்க எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வந்தவர்கள் மத்தியானம் தாண்டியும் பிடிகொடுக்காமல் பேசினார்கள். உள்ளே கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை. மாப்பிள்ளையின் அப்பா பேச்சுக்கு நடுவில் நாலைந்து முறை எச்சில் விழுங்கியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். கடைசியில், "சரி, எலயப் போடுங்க" என்றார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது அந்த நிமிஷத்தில்தான். மண்டபத்தில் நடந்ததெல்லாம் போட்டோவுக்காக.

அது என் அக்கா கதை. என் கதைக்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

நான் அப்போது தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகளை விடியும் முன் எழுப்பி உட்கார வைத்து, பாடத்தை விழுங்கச் சொல்லி, பரீட்சையில் கக்கச் சொல்லி, ரிசல்ட் வந்ததும் பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைக்கிற பள்ளி. இங்கிலீஷ் வகுப்பில் இங்கிலீஷ் பேசினால் தாளாளருக்குப் பிடிக்காது. ஜன்னல் ஓரமாக வந்து நிற்பார். "கத பேசற நேரமாங்க மேடம் இது? கொஸ்டின் ஆன்சர எழுத வைங்க" என்பார். அவர் பள்ளிப் பிள்ளைகள் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்கள். வெளியில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டால் ஓடிப்போய் ஒளிந்துகொள்வார்கள்.

பள்ளியைவிடப் பெரிய கூத்து, குடியிருக்க வீடு தேடியது. வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. "கூட யாருங்க?" யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று சொன்னதும் போன வாரம்தான் அட்வான்ஸ் வாங்கிவிட்டதாக அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். கடைசியில் வீடு கொடுத்த அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். "உங்கப்பாவோட பழைய செருப்பு ஒரு ஜோடி கொண்டாந்து வாசல்ல போட்டுடுங்க. ஆம்பள இருக்கற மாதிரி தெரியட்டும்." அப்பா தக்காளித் தோட்டத்துக்குப் போட்டுத் தேய்த்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டேன். வாடகை கொடுத்தது நான். மரியாதை செருப்புக்கு. எம்.ஏ., பி.எட். எல்லாம் உள்ளே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலத்தீவில் டீச்சர் வேலை என்று பேப்பரில் பார்த்து, சென்னைக்குப் போய் இன்டர்வியூ முடித்து, ஆர்டரும் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். ஒரு வாரம் வீட்டில் சந்தைக் கூட்டம். கடலையே பார்த்திராத சித்தப்பா, "பொட்டப்புள்ளய நடுக்கடல்ல வுட்டா என்னா ஆவறது?" என்று கடலைப் பற்றி வகுப்பெடுத்தார். வெளிநாடு என்றாலே துபாய் என்று நம்புகிற ஒரு அத்தை, வரும்போது தங்கக் காசு வாங்கி வரச் சொன்னார். அம்மா அழுது முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குச் சொல்ல ஒரு கதை தயார் பண்ணினாள். "கேரளா பக்கந்தான். நடுவுல கொஞ்சம் தண்ணி." அப்பா மட்டும் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறி என்னை வழியனுப்ப வந்தார். அவர் சட்டையில் தக்காளிக் காம்பின் பச்சை வாசனை அடித்தது.

தீவு சின்னது. சாயங்காலம் ஒரு சுற்று நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கலாம். மணல் தெரு, தாழ்வான வீடுகள், பள்ளிவாசல், படகுத்துறை, பள்ளிக்கூடம், எதை வாங்கப் போனாலும் கப்பல் வரவில்லை என்று சொல்லும் நாலைந்து கடைகள். பள்ளியே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தது. என்னோடு இருந்தவள் ஸ்டெல்லா, கன்னியாகுமரிப் பக்கத்துக் கணக்கு டீச்சர். கல்யாணமானவள், புருஷனும் பிள்ளையும் ஊரில். கடல் பக்கத்தில் பிறந்தவள் என்பதால் அந்தத் தீவு தனக்கே சொந்தம் என்கிற மாதிரிதான் நடப்பாள். மீனை என்னைத் தொடவே விடமாட்டாள். "மலங்காட்டுக்காரிக்கு மீனப் பத்தி என்ன பிள்ள தெரியும்?" என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள்.

அங்கே நான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். இதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறாளே என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் ஆணாகத்தான் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு தனியாகக் கடற்கரையில் நடந்தேன். எங்கே போகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. அங்கேயும் வாசலில் செருப்புகள் கிடந்தன. என்னுடையதும் ஸ்டெல்லாவுடையதும். அதுவே போதுமானதாக இருந்தது.

அங்கேயும் கேள்வி இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் மாசிக் கருவாட்டுத் துருவலும் தேங்காயும் பிசைந்து ரொட்டியோடு கொண்டுவந்து தருவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு தடவைகூடவா?" அந்த ஊரில் கல்யாணம் ஆவதும் பிரிவதும் மறுபடி ஆவதும் பெரிய சங்கதி இல்லை. அவருக்கே அது மூன்றாவது. ஒரு தடவைகூட இல்லை என்றதும் பாவப்பட்டு இன்னொரு ரொட்டி வைத்தார். எங்கள் ஊரில் இதே பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ரொட்டியையே தேர்ந்தெடுத்தேன்.

வகுப்பில் இருந்த பிள்ளைகள் மலையைப் பார்த்ததில்லை, ஆற்றைப் பார்த்ததில்லை, பசுமாட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் ரயிலும் பனியும் வரும். அவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி கட்டுக்கதைதான். நான் புத்தகத்தை மூடிவிட்டு வத்தல்மலையைக் கரும்பலகையில் வரைந்து, மேலே ஏறினால் குளிரும், பஸ் வளைந்து வளைந்து போகும், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது என்று இங்கிலீஷில் சொல்வேன். கடல் தெரியாது என்றால் நம்பவே மாட்டார்கள். "பின்னே படகை எங்கே நிறுத்துவீர்கள்?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல, அவள் திருப்பிக் கேட்க, வகுப்பு முழுக்க இங்கிலீஷில் சண்டை போட்டது. ஜன்னல் ஓரமாக யாரும் வந்து நிற்கவில்லை. டீச்சர் வேலை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு இதற்கு நேர்மாறான சந்தேகம். போனில் கேட்பார். "அங்க என்னா பாப்பா பயிர் பண்றாங்க?" ஒன்றும் இல்லைப்பா, வெங்காயம்கூடக் கப்பலில்தான் வருகிறது என்பேன். "தக்காளி?" அதுவும் கப்பல்தான். அங்கே என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மண்டியில் அன்றைக்குப் போன விலையைச் சொல்வார். விலை விழுந்த நாட்களில் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிற மனிதர் அவர். முப்பது வயதை நெருங்கிய என்னை அவரும் அம்மாவும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கூப்பிட்டால் நான் குழந்தையாகிவிடுவேன், அம்மா கூப்பிட்டால் ஏதோ தப்பு பண்ணியவளாகிவிடுவேன்.

ஒப்பந்தம் முடிகிற வருஷம். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறீர்களா, நோன்பு மாதம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்று அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஊரில் அம்மா ஒரு ஜாதகத்தைப் பொருத்தி வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இண்டூர்க்காரர், ஓசூரில் கம்பெனி வேலை. அவர் வீட்டார் சொன்னது இதுதான். பெண் வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். "வெளிநாட்டுல இருந்தவன்னா ஒரு மாதிரி பேசுவாங்க. ஓசூர்ல இல்லாத ஸ்கூலா?" அந்த மனிதரோடு நான் போனில் பேசியது ஒரே ஒரு தடவை. தீவில் ஆண் வாத்தியார்கள் எத்தனை பேர், அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். நேரில் பார்த்தால் பிடித்துவிடும் என்றாள்.

நேரில் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை. அவருக்கு லீவு கிடையாதாம். தலைநகர் மாலேயில் கணக்கு வேலை பார்த்த அவருடைய பெரியப்பா மகன் குமரேசனை, தீவுக்குப் போய்ப் பெண் எப்படி இருக்கிறாள், எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று பார்த்துவரச் சொல்லிவிட்டார்கள். கடல் தாண்டி வந்து வாசல் செருப்பை எண்ணிப் பார்க்க ஒரு ஆள். எங்கள் ஜனங்கள் செய்ய மாட்டார்கள் என்று நீங்கள் எதையும் நினைக்காதீர்கள்.

குமரேசன் நல்ல மனிதர்தான். வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே. காற்றுக் காலம், கடல் நல்ல கொந்தளிப்பு. படகுத்துறையில் இறங்கியதும் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்து, உடனே கடமையை ஆரம்பித்துவிட்டார். துணிக்கொடியைப் பார்த்தார். இரண்டு கட்டிலைப் பார்த்தார். "சாமி படம் ஒண்ணும் காணமுங்களே டீச்சர்?" என்றார். வெளியில் வைக்க அங்கே அனுமதி இல்லை. அலமாரியைத் திறந்து துணிக்கு நடுவில் இருந்த முருகனைக் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மத்தியானப் படகில் திரும்பிவிட வேண்டும் என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியானப் படகு வராது என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். கடல் அடங்கினால் நாளைக்கு.

நோன்பு மாதம் என்று சொன்னேன் அல்லவா? பகலில் டீக்கடை, சாப்பாட்டுக்கடை எதுவும் திறக்க மாட்டார்கள். குமரேசன் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, கடற்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். அந்தப் பக்கமாக வந்த ஒரு வயசாளி ஒன்றும் திட்டாமல், பாக்கெட்டின் வாயை மடித்து இவர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்தவருக்குக் கண் உள்ளே போய்விட்டிருந்தது. ஸ்டெல்லா தக்காளி ரசம் வைத்து, மீன் வறுத்து, சோறு வடித்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் சாப்பிட எங்களுக்குத் தடை இல்லை.

"சாப்புடுங்க" என்றேன்.

"ஐயோ வேணாங்க டீச்சர். பசியே இல்லீங்க" என்றார். அவர் வயிறு அதே நேரத்தில் சத்தமாக வேறு ஒன்று சொன்னது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவள் என்னையும் குமரேசனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சோறு தின்னா கல்யாணமா? மயங்கி விழுந்தா ஆரு பதில் சொல்லுவா? பேசாம போடு பிள்ள" என்றாள்.

குமரேசன் ஒரு டம்ளர் ரசம் மட்டும் கேட்டார். குடிப்பது சாப்பாட்டில் சேராதாம். ஒரு டம்ளர் இரண்டானது. பிறகு ரசத்தில் நாலு பருக்கை சோறு இருந்தால் தப்பில்லை என்று தோன்றியிருக்கிறது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "ஒரு ஸ்பூன் குடுங்க டீச்சர். ஸ்பூன்ல சாப்புட்டா கை நனையாது பாருங்க." மாலேயில் ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதையும் பார்க்கிறவர் சொன்ன வார்த்தை இது. ஸ்பூன் வந்தது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு, ஸ்டெல்லாவின் மீன் மொத்தமும். கடைசியில் இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினார். "பாத்துக்குங்க, காஞ்சுதான் இருக்குது."

இதில் எரிச்சல் என்னவென்றால், பொழுது சாய்கிறவரை பொறுத்திருந்தால் போதும். நோன்பு திறக்கிற நேரத்தில் அந்தத் தீவில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளே இழுத்து உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார்கள். அவரும் தப்பித்திருப்பார், நானும் தப்பித்திருப்பேன்.

அவர் கை காட்டி முடிப்பதற்குள் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. "சாப்டியா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார், எல்லாத் தாயும் கேட்கிற கேள்வி. "ஆச்சு சின்னம்மா, இங்க டீச்சர் வூட்லதான்" என்று இவரும் பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஆனா ஸ்பூன்லதான் சின்னம்மா, ஸ்பூன்ல..." என்று கத்தினார். லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டால் பிஸி. அவர்கள் அதற்குள் எங்கள் அம்மாவுக்குப் போட்டுவிட்டார்கள்.

அடுத்து என் போன் அடித்தது. அம்மா குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "கை நனைச்சுட்டாங்களாம் பாப்பா! நல்ல நாளுகூட பாத்தாச்சு. இங்க அல்லாருக்கும் சக்கர குடுத்துட்டேன்." எனக்கு வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்டேன். படகு வராத கதையைச் சொன்னேன். பசியில் சாப்பிட்டார், கடை இல்லை என்று சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேணாம்னா எதுக்கு சோறு போட்ட?"

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பதில் எழுதச் சொல்லிக் கொடுத்துத்தான் சம்பளமே வாங்கினேன். இந்தக் கேள்வி எந்தக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை. நான் வேண்டாம் என்று வாயால் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை. ரசம் ஊற்றியது மட்டும் மாரண்டஹள்ளி வரைக்கும் கேட்டிருக்கிறது. குமரேசன் ஒரு மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். நான் எடுத்துச் சொல்றேனுங்க" என்றார். அவர் சொல்லையும் யாரும் கேட்கப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் அப்பா மண்டியிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கூடை இறக்குகிற சத்தம், ஏலக் கூச்சல். "உங்கம்மா என்னமோ சொல்றா. ஊரே சொல்லுது. நீ என்னா சொல்ற பாப்பா?"

அந்த நாளில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த நாளில் என்ன, அந்த விஷயத்தில் கடைசிவரைக்கும் அவர் ஒருவர்தான்.

"எனக்கு வேண்டாம்ப்பா. நான் இங்கயே இருக்கேன்."

"செரி. லாரி வந்துடுச்சு, வெச்சர்றேன்" என்றார். மறுநாள் இண்டூருக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். நான் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சரி என்று சொன்னேன். அவர் கை கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் நடந்ததைச் சொன்னபோது, சோற்றுக்கும் கல்யாணத்துக்கும் என்ன உறவு என்று நிஜமாகவே குழம்பிப்போனார்.

அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு, "வந்தவங்க கை நனைச்சும் நீ மதிக்கல. இனிமே நீ ஆக்குன சோத்துல நான் கை நனைச்சா கேளு" என்பது. ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போனால் அவள் வெளியே போய்விடுவாள். ஒரு தடவை அவளுக்குப் பிடிக்குமே என்று ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்தேன். அம்மா பக்கத்து வீட்டில் பழைய சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அப்பா என் களியை இரண்டு உருண்டை தின்றுவிட்டு, கூட இன்னொன்று வைக்கச் சொன்னார். அம்மா பங்கையும் சேர்த்துத் தின்கிறார் என்று எனக்குத் தெரியும். வயிறு முட்டத் தின்றுவிட்டு அன்றைக்குப் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தார்.

குமரேசனைப் பிறகு ஒரே ஒரு தடவை மாலே விமான நிலையத்தில் பார்த்தேன். சோற்றுக்கு ஆசைப்பட்டுக் குடும்ப மானத்தை வாங்கியவன் என்று அவருக்கு ஊரில் பெயர் ஆகிவிட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, அது வேறு விஷயம். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்தார். "ஒரு டீ குடிக்கலாமுங்களா டீச்சர்? தப்பா ஒண்ணும் ஆயிடாதுங்களே?" அந்தக் கடலைத் தாண்டி நான் மனம்விட்டுச் சிரித்த நாட்களில் அது ஒன்று.

அப்பா மண்டியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தீவிலிருந்து படகு, மாலேயிலிருந்து விமானம், பெங்களூரிலிருந்து பஸ் என்று நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுது அழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நான் காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. அக்கா போட்ட காபியை வாங்கிக் குடித்தாள். அப்பாவுக்காக அழுததைவிட அன்றைக்கு அந்தக் காபிக்காக நான் அதிகம் அழுதேன் என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னும் சில வருஷம் இருந்துவிட்டு, இனி அங்கே ஊர்க்காரர்களே டீச்சர்கள் என்று ஆனதும் திரும்பி வந்தேன். இப்போது தர்மபுரியில்தான் இருக்கிறேன், ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர்கள் இன்னும் "கூட யாருங்க?" என்றுதான் கேட்கிறார்கள். முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்க வந்த அம்மா என் வீட்டில் தங்கினாள். ஒருநாள் நான் தட்டை வைத்தேன், டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டாள். உப்புக் கம்மி என்றாள். அவ்வளவுதான். அத்தனை வருஷ விரதத்தை முடிக்கிறோம் என்கிற ஞாபகமே அவளுக்கு இல்லை. நான்தான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஓட்டலுக்கு வருவோம். மாப்பிள்ளையின் அத்தை ஐஸ்கிரீமுக்கு வந்துவிட்டார். அம்மா என்னைக் கையால் காட்டி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவதாங்க என் சின்னவ. பாரின்ல இங்கிலீசு டீச்சரா இருந்தவ. தனியாவே இருந்து சம்பாரிச்சவங்க. எங்க பேத்தியும் அப்படியே இவளாட்டந்தான், அவ்ளோ தெகிரியம்." அத்தை என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். எந்தக் கேரளா பக்கத்துத் தண்ணீருக்கு அடியில் என்னை ஒளித்து வைத்தாளோ, அங்கிருந்து எடுத்துத் துடைத்துப் பேத்தி கழுத்தில் நகையாகப் போட்டுவிட்டாள்.

நான் பொறுக்க முடியாமல் அம்மாவின் காதோரம் குனிந்தேன். "ஏம்மா, இன்னும் முடிவே சொல்லல. அதுக்குள்ள எல்லாரும் சாப்பிடறாங்களே?"

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இப்பல்லாம் யாரு பாப்பா அதப் பாக்கறா? நீ ஒருத்தி, பழைய பஞ்சாங்கம்."

அக்கா மகள் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். "நீ என்னா சொல்ற பாப்பா?" என்று நான் கேட்டேன்.

"தெரியல சித்தி. நாலு தடவ பேசிப் பாக்கறேன். புடிக்கலன்னா வேணாம்னு மெசேஜ் போட்டுடுவேன்" என்றாள். என் தட்டைப் பார்த்தாள். "அதுக்குன்னு பிரியாணிய வுடுவாங்களா? சாப்புடுங்க சித்தி."

அவள் சொன்னது சரி. வேண்டாம் என்பது அவளுக்கு ஒரு மெசேஜ். எனக்கு அதன் விலை அம்மா. அந்தக் கட்டுப்பாடு எப்போது போனது, யார் எடுத்தார்கள், ஒரு சத்தம் இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை. போகும்போது என்னிடமிருந்து பிடுங்கியதையாவது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பரிமாறுகிறவர் வந்து என் தட்டைப் பார்த்துத் தயங்கினார். "ஆறிப்போச்சுங்களேம்மா, சூடா வேற போடட்டுங்களா?" என்றார்.

வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். ஸ்பூன் அவர் வைத்த இடத்துக்கே போயிருந்தது. எல்லாரும் கை கழுவ எழுந்தார்கள். கழுவ எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.